தேரை நிறுத்திய நேமிநாதர்



நம் திருவண்ணாமலை மாவட்டத்துத் திருமலையை அறியாத தமிழ்ச் சமணர் இலர். பதினாறு அடிக்கும் மேற்பட்ட உயரத்தில், பாறையிலேயே வடிக்கப்பெற்று, அங்கே நின்றருள்பவர் இருபத்திரண்டாம் தீர்த்தங்கரரான நேமிநாத சுவாமி. இராசராச சோழனின் தமக்கையார் குந்தவையின் பெயரால் அமைந்த ஜினாலயமும் அம்மலையின் அடியிலேயே உள்ளது. அத்திருவுருவின் முன் நிற்கும்போது நம்மவர் உள்ளத்தில் முதலில் எழுவது அவர் துறவு பூண்ட வரலாறேயாம்.

இளவரசர் நேமி, உக்கிரசேனரின் திருமகள் இராஜிமதியை மணம்புரியத் தேரேறிச் செல்கின்றார். மங்கல வாத்தியங்கள் முழங்குகின்றன. வழியோரத்தில் பட்டி ஒன்றில் அடைபட்ட மான்களும் பிற விலங்குகளும் அஞ்சிக் கதறும் ஒலி அவர் செவியில் விழுகின்றது. "இவை ஏன் இங்கே அடைபட்டுள்ளன?" என்று தேர்ப்பாகனை வினவுகின்றார். மணவிருந்துக்கு என்ற விடை வருகின்றது. தேரை நிறுத்தச் சொல்கின்றார், அவ்வுயிர்களை விடுவிக்கின்றார், தேரைத் திருப்புகின்றார். அணிகளைக் களைந்து, ஊர்ஜயந்தம் எனப்படும் கிர்நார் மலையை அடைந்து தவம் மேற்கொள்கின்றார்.

இவ்வரலாற்றில் நாம் கூர்ந்து நோக்க வேண்டியது ஒன்று உண்டு. அவ்வுயிர்களை அடைத்தவர் நேமியல்லர். கொல்லுமாறு பணித்தவரும் அவரல்லர். அவர் தம் வழியே சென்றுகொண்டிருந்தார். ஆயினும், தம் பயணத்தின் பொருட்டுச் சில உயிர்கள் மடியப் போகின்றன என்று அறிந்த அளவிலேயே அவர் தேர் நின்றது. "என் கையால் நிகழவில்லையே" என்று அவர் கடந்து செல்லவில்லை.

இதனை எழுத வேண்டிய நிலை நமக்கு ஏன் வந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகின்றோம்.

எங்கள் வண்டி நிற்கவில்லை

சென்ற ஆண்டு ஒரு நாள், நாங்கள் பதினான்கு பேர் ஒரு வேனில் திருமலைக்குச் சென்று, நேமிநாத சுவாமிக்கு அபிஷேகமும் பூசனையும் செய்வித்து, இரவு திருவண்ணாமலைக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். போளூரைக் கடந்து சிறிது தொலைவு வந்திருப்போம். பெண்கள் தோத்திரம் பாடிக்கொண்டிருந்தனர். முகப்பு விளக்கின் ஒளியில் ஒரு காட்டுமுயல் சாலையின் நடுவே நின்றதை முன்னிருக்கையில் இருந்த சிலர் கண்டோம். அது ஓடவில்லை, விளக்கொளியில் திகைத்து அங்கேயே நின்றது. அடுத்த கணம் வண்டியின் அடியில் ஒரு மெல்லிய ஓசை கேட்டது.

எங்களுடன் வந்த சிறுமி ஒருத்தி, "தாத்தா, நிறுத்தச் சொல்லுங்கள்" என்றாள். பெரியவர்களாகிய நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். "நேரமாகிவிட்டது, அம்மா, இனி நிறுத்தி என்ன பயன்?" என்று ஒருவர் சொன்னார். வண்டி சென்றது. சற்று நேரத்தில் தோத்திரமும் மீண்டும் தொடங்கிற்று. ஆனால் அச்சிறுமி பாடவில்லை.

தேரை நிறுத்திய பெருமானின் திருவடியிலிருந்து புறப்பட்டு மூன்று மணி நேரங்கூட ஆகவில்லை. இந்த நினைவு எங்களை நெடுநாள் உறுத்திற்று. பின்னர் நடந்த கூட்டத்தில் இதனை எடுத்துப் பேசியபோது, அன்பர் ஒருவர் நியாயமானதொரு வினாவை எழுப்பினார். "நாம் கருதிச் செய்த கொலையன்று அது. இல்லறத்தார்க்குச் சமையலிலும் தொழிலிலும் நேரும் இம்சையை முற்றிலும் தவிர்க்க இயலாது என்று நம் ஆசாரியர்களே கூறியுள்ளனர். சாலையில் நேர்வதும் அவ்வகையினதன்றோ?" என்றார்.

கருத்தும் கவனக்குறைவும்

இவ்வினாவுக்கு விடை வெளியூரில் தேட வேண்டியதில்லை. நம் வந்தவாசிக்கு அருகே உள்ள பொன்னூர் மலையில் திருவடி பதித்தவராக நாம் போற்றும் குந்தகுந்த ஆசாரியரின் பிரவசனசாரம் இதனைத் தெளிவுபடுத்துகின்றது. விழிப்புடன், விதித்த முறைப்படி நடப்பவர் காலடியில் தற்செயலாக ஓர் உயிர் அகப்பட்டு மடிந்தாலும் அவருக்கு அதனால் வினைக்கட்டு இல்லை. விழிப்பின்றி நடப்பவருக்கோ, உயிர் மடிந்தாலும் மடியாவிடினும் இம்சை உறுதி. இதுவே அவர் காட்டும் நெறி. உமாசுவாமி ஆசாரியரின் தத்துவார்த்த சூத்திரமும், பிரமாதம் எனப்படும் கவனக்குறைவையே இம்சையின் வேராக வைக்கின்றது.

ஆகவே நம்மை நாம் கேட்டுக்கொள்ள வேண்டியது, "முயலைக் கொல்ல எண்ணினோமா?" என்பதன்று. "விழிப்புடன் சென்றோமா?" என்பதே. அவ்விரவில் நாங்கள் விழிப்புடன் செல்லவில்லை. பகலிலே திரும்பியிருக்கலாம், மெல்லச் சென்றிருக்கலாம். இரண்டையும் செய்யவில்லை. தவிர்க்க இயலாத இம்சை என்ற பெயரைத் தவிர்க்க இயன்ற ஒன்றுக்குச் சூட்டுதல் நம் ஆசாரியர்களின் சொல்லை நமக்கு வசதியாக வளைத்துக்கொள்வதாகும்.

துறவியர் ஏற்கும் ஐந்து சமிதிகளுள் முதலாவது ஈர்யா சமிதி. பகலொளியில், மக்கள் நடந்து பழகிய வழியில், முன்னே நான்கு முழ தூரத்தைக் கண்ணால் நோக்கி, உயிர்கள் இல்லையென்று தேர்ந்து அடிவைத்தல் அதன் இலக்கணம். நடந்து செல்பவர்க்கு நான்கு முழம் போதுமானது. காணும் உயிரைக் கண்டு, வைக்கவிருந்த அடியை நிறுத்திக்கொள்ளலாம். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் வண்டியோ ஒரு நொடிக்கு ஏறத்தாழ 22 மீட்டர் பாய்கின்றது. கண் கண்டதைக் கால் உணர்ந்து நிறுத்துகருவியை மிதிப்பதற்குள்ளாகவே ஐம்பது முழத்துக்கு மேல் கடந்துவிடுகின்றோம். வேகத்தைப் பாதியாகக் குறைத்தால் அத்தூரமும் பாதியாகின்றது. அதன்பின் வண்டி நிற்பதற்கு வேண்டிய தூரமோ நான்கில் ஒரு பங்காகச் சுருங்குகின்றது. எனவே வண்டியில் செல்வோர்க்கு ஈர்யா சமிதி என்பது, கண் எட்டும் தூரத்துக்குள் நிறுத்த இயலும் வேகத்தில் செல்லுதலேயாம்.

ஆய்வாளர் காட்டும் வழி

இங்கே மற்றொன்றும் எண்ணத் தக்கது. ஓர் ஓட்டுநரின் விழிப்பு மட்டும் போதாது. நூற்றுக்கணக்கான வண்டிகள் ஓடும் சாலையில், உயிர்கள் எங்கே கடக்கின்றன, எப்பொழுது கடக்கின்றன, எவ்வாறு கடக்க விரும்புகின்றன என்பதை முன்கூட்டியே அறிந்து சாலையையே திருத்தி அமைத்தல் வேண்டும். கடந்த சில பத்தாண்டுகளாக அறிவியல் அறிஞர்கள் இத்துறையில் ஆற்றிவரும் பணியை அறிந்தபோது, அவர்கள் நம் சமிதியையே வேறு மொழியில் பயில்கின்றனரோ என்று தோன்றிற்று.

அவர்கள் முதலில் செய்வது நடத்தல். குறிப்பிட்டதொரு சாலைப்பகுதியை எடுத்துக்கொண்டு, நாள்தோறுமோ வாரந்தோறுமோ மெல்லக் கடந்து, மடிந்து கிடக்கும் ஒவ்வோர் உயிரையும் இடம், காலம், இனம் குறித்துப் பதிவு செய்கின்றனர். தவளை, ஓணான், பாம்பு, பூரான் என ஒன்றையும் இழிவென்று ஒதுக்குவதில்லை. நம் தமிழகத்தில் ஆனைமலைப் பகுதிச் சாலைகளில் மடியும் ஊர்வன, தவளையினங்கள் பற்றிய ஆய்வு ஒன்று 2001-ஆம் ஆண்டிலேயே வெளிவந்தது. முதுமலைக் காட்டு நெடுஞ்சாலைகளில் மடியும் விலங்குகள் பற்றிய ஆய்வு 2010-ஆம் ஆண்டில் வெளிவந்தது. இத்தகைய ஆய்வுகளால் விளங்கியவை இரண்டு. முதலாவது, இறப்புகள் சாலை முழுதும் சமமாக நிகழ்வதில்லை. நீரோடை குறுக்கிடும் இடம், மரக்கிளைகள் இணைந்திருந்து அறுபட்ட இடம், வளைவு ஆகிய சில இடங்களிலேயே மிகுதியாக நிகழ்கின்றன. இரண்டாவது, மழைக்காலத்தில் தவளையினங்களின் இறப்பு பெருகுகின்றது.

அன்பர்களே, மழைக்காலத்தில் துறவியர் பயணம் தவிர்த்து ஓரிடத்தில் தங்கும் சாதுர்மாஸ்யம் எதன் பொருட்டு ஏற்பட்டது? ஈரம் பட்டவுடன் நிலமெங்கும் சிற்றுயிர்கள் வெளிப்பட்டு ஊர்கின்றன; அவை மிதிபடலாகாது என்பதன் பொருட்டே. முன்னோர் விதியாக வைத்ததை இன்று எண்ணிக்கையும் உறுதி செய்கின்றது.

இடம் அறிந்தபின் வழி அமைக்கின்றனர். வால்பாறையில் தேயிலைத் தோட்டங்களுக்கு இடையே எஞ்சியுள்ள சோலைகளில் சிங்கவால் குரங்குகள் வாழ்கின்றன. மரத்திலிருந்து மரத்துக்குச் செல்லும் இயல்பினவான அவை, கிளைகள் அறுபட்ட இடங்களில் சாலையில் இறங்கி வண்டிகளில் சிக்கின. வனத்துறையும் நேச்சர் கன்சர்வேஷன் பவுண்டேஷன் என்னும் ஆய்வு நிறுவனத்தாரும் முயன்று, புதுத்தோட்டம் பகுதியில் சாலைக்கு மேலே மரங்களை இணைத்துத் தொங்கு பாலங்கள் அமைத்தனர். குரங்குகள் அவற்றைப் பழகிக்கொண்டன. சாலையோரத்தில் காவலர்களை நிறுத்தி, வண்டிகளை மெல்லச் செல்லச் செய்தும் வருகின்றனர்.

மத்தியப் பிரதேச, மகாராட்டிர மாநிலங்களில் பரவியுள்ள பெஞ்ச் புலிகள் காப்பகத்தின் வழியே 44-ஆம் தேசிய நெடுஞ்சாலை செல்கின்றது. அதனை நான்கு வழிச்சாலையாக்கியபோது, மகாராட்டிரப் பகுதியில் ஒன்பது இடங்களில் சாலையைத் தூண்களின் மேல் உயர்த்தி, கீழே விலங்குகள் செல்ல வழிவிட்டனர். இந்திய வனவிலங்கு நிறுவனத்தார் தானியங்கு ஒளிப்படக் கருவிகளை அங்கே பொருத்தி, 2019-ஆம் ஆண்டு மார்ச் முதல் டிசம்பர் வரை கண்காணித்தனர். பதினெட்டு வகை விலங்குகள் 5,000-க்கும் மேற்பட்ட முறை படத்தில் பதிவாயின. மேலே சரக்கு வண்டிகள் இரைந்து செல்ல, கீழே புள்ளிமானும், அதனை உண்ணும் புலியும் தத்தம் வழியே கடந்தன. அந்நிறுவனம் சாலை, இருப்புப்பாதை, மின்கம்பி ஆகியவற்றால் நேரும் தீங்கைக் குறைக்கும் வழிகளைத் தொகுத்து 2016-ஆம் ஆண்டிலேயே ஒரு வழிகாட்டி நூலையும் வெளியிட்டது.

அயல்நாடுகளிலும் இப்பணி நடைபெறுகின்றது. கனடா நாட்டின் பான்ஃப் தேசியப் பூங்காவில் நெடுஞ்சாலையின் இருபுறமும் வேலியிட்டு, மண் பரப்பி மரம் வளர்த்த மேம்பாலங்களையும் சுரங்க வழிகளையும் அமைத்ததன் பயனாக, வண்டிகள் விலங்குகள் மீது மோதுவது 80 விழுக்காட்டுக்கு மேல் குறைந்தது. புதுவழியைச் சில விலங்குகள் உடனே ஏற்றன. கரடி போன்றவை பழகுவதற்குப் பல ஆண்டுகள் ஆயின. கிறிஸ்துமஸ் தீவில், மழை தொடங்கியதும் கடலை நோக்கிச் செல்லும் கோடிக்கணக்கான செந்நண்டுகளுக்காகத் தடுப்புகளும் சிறு பாலமும் சுரங்க வழிகளும் அமைத்துள்ளனர். அப்பருவத்தில் சில சாலைகளையே மூடிவிடுகின்றனர். ஒரு நண்டுக்காகச் சாலையை மூடும் மக்களும் இவ்வுலகில் உளர் என்பது நமக்கு மகிழ்ச்சியையும் சிறிது நாணத்தையும் தருகின்றது.

இரவு உண்ணாமை நம் அறம். விளக்கொளியை நாடி வரும் பூச்சிகள் மடியும், உணவில் விழும் உயிர் கண்ணுக்குப் புலப்படாது என்பன அதன் காரணங்கள். அதே காரணம் சாலைக்கும் பொருந்தும். பந்திப்பூர்க் காட்டுச் சாலையில் 2009-ஆம் ஆண்டு முதல் இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணி வரை போக்குவரத்து தடைசெய்யப்பட்டது. நம் சத்தியமங்கலம் காட்டில், பண்ணாரி – திம்பம் சாலையில் இரவுத் தடையை நடைமுறைப்படுத்துமாறு 2022-ஆம் ஆண்டு பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. இதனால் வணிகர்க்கும் மலைவாழ் மக்களுக்கும் நேர்ந்த இடர்கள் சிறியனவல்ல. அவையும் எண்ணிப் பார்க்கத் தக்கவையே. ஆயினும் நமக்கு அத்தகைய இடர் ஏதும் இல்லை. யாத்திரையை ஒரு வேளை முன்னரோ பின்னரோ வைத்துக்கொள்வதில் நமக்கு இழப்பு என்ன?

அண்ணாமலையைச் சுற்றி

நாம் வாழும் இந்நகரைப் பார்ப்போம். சைவப் பெருமக்கள் இறைவனாகவே வணங்கும் அண்ணாமலையின் சரிவுகளில் புள்ளிமான்களும் மயில்களும் குரங்குகளும் எண்ணற்ற சிற்றுயிர்களும் வாழ்கின்றன. மலையைச் சுற்றி 14 கிலோமீட்டர் நீளத்தில் கிரிவலப் பாதை அமைந்துள்ளது. உட்புறம் காடு; வெளிப்புறம் ஏரி, குளம், வயல், வீடுகள். கோடையில் மலையில் நீர் வற்றும்போது மான்கள் நீர் தேடி இப்பாதைக்கு வருகின்றன. வண்டியும் நாயும் அவற்றுக்குக் கூற்றாகின்றன. 2016-ஆம் ஆண்டில் கிரிவலப் பாதையை அகலப்படுத்துவதற்காக மரங்கள் வெட்டப்பட்டபோது, தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தலையிட்டுப் பணியை இடைநிறுத்தியதை நகரத்தார் மறந்திருக்க மாட்டார்கள். பாதையை எத்துணை அகலமாக்குகின்றோமோ, அத்துணை நேரம் ஒரு மான் திறந்த வெளியில் நிற்க வேண்டும். ஓர் அட்டையோ நத்தையோ அதனைக் கடப்பது அரிதினும் அரிதாகின்றது.

இவ்விடத்தில் நம்மவர் செயல் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். ஜீவதயை என்னும் நல்லெண்ணத்தால் நம்முள் பலர் சாலையோரத்தில் வண்டியை நிறுத்திக் குரங்குகளுக்கு வாழைப்பழமும் பொரியும் வீசுகின்றனர். நாங்களும் வீசியிருக்கின்றோம். வீசியவர் புண்ணியம் தேடியதாக மகிழ்ந்து செல்கின்றார். குரங்கோ அடுத்த வண்டியை எதிர்பார்த்துச் சாலையிலேயே அமர்கின்றது. எல்லா வண்டியும் உணவு கொண்டு வருவதில்லை. மரத்தில் இருக்க வேண்டிய உயிரைத் தார்ச்சாலையில் அமர்த்தியது யார்? நாம் ஈந்த பழமே. வால்பாறையிலும் பிற காட்டுச் சாலைகளிலும் பணியாற்றுவோர் பயணிகளை முதலில் வேண்டிக்கொள்வது, "உணவு தராதீர்" என்பதேயாகும்.

நம் நூல்கள் தானத்தை நான்காக வகுக்கின்றன: அன்னதானம், ஔடததானம், சாத்திரதானம், அபயதானம். உயிர்க்கு அச்சமின்மையை அளிக்கும் அபயதானம் இவற்றுள் மேலானதாகப் போற்றப்படுகின்றது. காட்டு விலங்குக்குச் சாலையோரத்தில் அன்னதானம் செய்யின் அபயதானம் அழிகின்றது. ஆதலின், அங்கே கையை மடக்கிக்கொண்டு கடந்து செல்வதே தானமாகும்.

நாம் ஏற்க வேண்டிய நியமங்கள்

அணுவிரதம் ஏற்ற இல்லறத்தார் இயன்ற அளவில் ஏற்கத் தக்க சில நியமங்களை இங்கே முன்வைக்கின்றோம்.

முதலாவது, யாத்திரைகளையும் விழாப் பயணங்களையும் பகலிலேயே அமைத்துக்கொள்ளுதல். திருமலையாயினும் பொன்னூராயினும் மேல்சித்தாமூர்த் தேர்த்திருவிழாவாயினும், பொழுது சாய்ந்துவிட்டால் அங்கேயே தங்கி விடியலில் புறப்படலாம்.

இரண்டாவது, காடும் ஏரிக்கரையும் அடுத்த சாலைகளில் மணிக்கு 40 கிலோமீட்டருக்கு மேல் செல்லாமை. வாடகை வண்டியாயின், புறப்படுமுன்னரே ஓட்டுநரிடம் பணிவாகச் சொல்லி, நேரம் கூடுவதற்கேற்ப அவர்க்குரிய கூலியையும் குறையாது கொடுத்தல்.

மூன்றாவது, சாலையோரத்தில் காட்டு உயிர்களுக்கு உணவிடாமை. உணவுக் கழிவை எறியாமை.

நான்காவது, கண்டதைப் பதிவு செய்தல். நம் இளைஞர்கள் விடியற்காலையில் தம் ஊர்ச்சாலையில் இரண்டு கிலோமீட்டர் நடந்து, மடிந்து கிடக்கும் உயிர்களின் இடத்தையும் நாளையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வரட்டும். ஓராண்டு எழுதினால் எந்த ஓடை, எந்த வளைவு என்பது தானே விளங்கும்.

ஐந்தாவது, அக்குறிப்பைக் கொண்டு மாவட்ட ஆட்சியருக்கும் வனத்துறைக்கும் நெடுஞ்சாலைத் துறைக்கும் விண்ணப்பித்தல். பெரும் மேம்பாலம் வேண்டுமென்று தொடக்கத்திலேயே கேட்க வேண்டியதில்லை. சாலைக்கு அடியில் ஏற்கெனவே உள்ள சிறு பாலங்களைத் தூர்வாரி, நீர் ஓடும்போதும் நனையாத ஒரு திண்டை ஓரமாக அமைத்தால் கீரியும் முயலும் உடும்பும் அதன் வழியே கடக்கும். உரிய இடத்தில் வேகத்தடையும் காட்டின் உட்புறத்தில் நீர்த்தொட்டியும் வேண்டலாம். சாலையை விரிவாக்கும் திட்டம் வரும்போதே இவற்றைக் கேட்டல் நலம். கட்டி முடித்தபின் கேட்பது கடினம்.

இவை யாவும் சிறியனவே. பெரும் விரதங்கள் அல்ல. ஆயினும் ஊற்றை அடைக்காமல் நீரை இறைப்பதால் பயனில்லை என்பது போல, புதிய வினை வரும் வாயிலைச் செறிக்காமல் பூசனையால் மட்டும் வினை உதிரும் என்று நம்புதல் தகாது.

நாள்தோறும் சாமாயிகத்துக்கு முன் நாம் ஈர்யாபதப் பிரதிக்கிரமணம் சொல்கின்றோம். வழிநடையில் நம்மால் நசுங்கிய, துன்புற்ற, இடம்பெயர்க்கப்பட்ட ஓரறிவு முதல் ஐயறிவு வரையிலான உயிர்களை நினைந்து பிழை பொறுக்க வேண்டுகின்றோம். பழக்கத்தால் அதன் பொருளைச் சிந்தியாமலே பலகாலும் சொல்லி வந்தோம். அம்முயலுக்குப் பின்னர் எங்களுள் சிலரால் அவ்வாறு சொல்ல இயலவில்லை.

இவ்வாண்டு மீண்டும் திருமலைக்குச் செல்லவிருந்தபோது, இரவில் திரும்புவதில்லை என்று கூடி முடிவு செய்தோம். கடை திறக்க வேண்டியவர்கள், பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகளை உடையவர்கள் சிலர் முதலில் தயங்கினர். இறுதியில் விடுமுறை நாளாகப் பார்த்துச் சென்று, பொழுது சாயுமுன் உணவை முடித்து, மலையடியிலேயே தங்கினோம். விடியலில் ஒருமுறை நேமிநாத சுவாமியை வணங்கிவிட்டுப் புறப்பட்டோம். போளூரைக் கடந்ததும் அந்த இடம் வந்தது. இம்முறை அச்சிறுமி கேளாமலே வண்டியை நிறுத்தச் சொன்னோம். இறங்கி, சாலையோரத்தில் நின்று பஞ்ச நமஸ்காரம் ஓதினோம். சென்ற உயிர் அதனால் மீளாது. எங்கள் பிழையும் அதனால் மட்டும் தீராது. ஆயினும் எஞ்சிய வழியை மெல்லக் கடந்து, காலை வெயிலில் இருபுறமும் நோக்கிக்கொண்டே ஊர் வந்து சேர்ந்தோம். அச்சிறுமியும் தோத்திரம் பாடினாள்.

உயிர்கள் யாவும் அச்சமின்றித் தத்தம் வழியே செல்க! அறம் வளர்க! ஜினதருமம் வெல்க!